கையை உள்ளே விட்டுப் பார்க்காத ஒரு ஜோடி

அண்ணாச்சி,

இன்று கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தது மதினி. கரமனையிலிருந்து பஸ் பிடித்து, காலில் உங்கள் பழைய ரப்பர் செருப்போடு வந்திருந்தார்கள். நடக்க வசதியாக ஒரு ஷூ வேண்டுமாம். பெட்டியைத் திறந்ததும் பசையும் ரப்பரும் கலந்த புது வாடை அடித்தது. உள்ளே கையை விட்டேன். முனையில் திணித்திருந்த காகிதம் விரலில் தட்டியது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

தம்பானூரில் இதே கடையில் பதினோரு வருஷம் நாம் அடுத்தடுத்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள். உங்களுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஷூவுக்குள் கையை விட்டு முனைவரை துழாவுவீர்கள். காகிதத்தை உருவிவிட்டு, கவிழ்த்து ஒரு தட்டு. பிறகு வந்தவர் காலை மடியில் வைத்து மாட்டிவிட்டு, கட்டைவிரலால் முனையை அமுக்கி, "முட்டுதா? எந்திரிச்சு நாலு எட்டு நடங்க" என்பீர்கள். மலையாளத்தில் கேட்டாலும் அதே ராகம்தான். "கடிக்கிற செருப்ப வித்தா, வீடு போய்ச் சேருகது வரைக்கும் நம்மள ஏசிக்கிட்டே போவான் டே" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

எனக்கு அந்த வேலை பிடிக்காது. நாகர்கோவிலில் நாலு பேர் மதிக்கிற குடும்பம் என்ற நினைப்பு. கண்டவர் காலைப் பிடிக்கவா வந்தேன் என்று தோன்றும். ஊர்க்காரர் யாராவது உள்ளே நுழைந்தால் ஸ்டூலை விட்டு எழுந்து கல்லாப் பக்கம் நழுவிவிடுவேன். "கலெக்டர் சாருக்கு முட்டு வலி" என்று கேலி பேசிக்கொண்டே என்னிடம் வந்த ஆளுக்கும் நீங்களே மாட்டிவிடுவீர்கள்.

முதலாளி இறந்ததும் மகன் கடையை மாற்றினார். ஸ்டூல்கள் பரணுக்குப் போயின. வேண்டியவர்கள் தாங்களே எடுத்து மாட்டிக்கொள்ளட்டும், கஸ்டமரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. "கையக் கட்டிட்டு நிக்கதுக்குச் சம்பளமா?" என்று மூன்றே மாதத்தில் விலகிவிட்டீர்கள். எனக்கோ, இனி யார் காலையும் பிடிக்க வேண்டாம் என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, அண்ணாச்சி. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாலு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வந்தீர்கள். மூச்சு வாங்கியது, குனிய முடியவில்லை. "மூடின ஷூ போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சுகர்ல காலு மரக்கட்டையாட்டு ஆயிட்டு மக்கா. முட்டுதா இல்லியான்னே தெரியல்ல. நீ பாத்துச் சொல்லு, கேட்டியா" என்று பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினீர்கள்.

அடுத்த வரிசையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். நான் நின்றபடியே ஷூவை உங்கள் கையில் கொடுத்தேன். வலதுகால் ஷூ அலமாரியில் காட்சிக்கு இருந்தது, அதில் ஒன்றுமில்லை. இடதுகால் ஷூ பெட்டியிலிருந்து எடுத்தது. திணறித் திணறி மாட்டிக்கொண்டு, "சரியா இருக்கா டே?" என்று கேட்டீர்கள். மேலிருந்து பார்த்து, "அளவெடுத்த மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

நீங்களே ஏன் கையை விட்டுப் பார்க்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். விற்கிறவன் பார்த்துத்தான் தந்திருப்பான் என்று இருந்துவிட்டீர்கள். வேறென்ன.

ஐந்தாம் நாள் மதினி கழற்றிப் பார்த்தபோது சாக்ஸ் முழுக்க ரத்தமாம். முனையில் காகிதமும், அதற்குள் ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலமும் கல்லாக இறுகிக் கிடந்தன. முதலில் விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை. ஆசுபத்திரிக்கு நான் வந்த அன்று, எந்தக் கடையில் வாங்கினது என்று மதினி கேட்டார்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கெழக்கேகோட்டைல ஏதோ ஒரு கடை" என்றீர்கள்.

உங்களைக் கிடத்திய அன்று, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வந்தவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். நான் வாசலுக்கு எழுந்து போய்விட்டேன். அன்றும் நழுவத்தான் தெரிந்தது எனக்கு.

அதற்குப் பிறகு எந்த ஷூவையும் கையை விட்டுப் பார்க்காமல் நான் கொடுத்ததில்லை. இன்று தரையிலேயே உட்கார்ந்து மதினியின் காலை மடியில் எடுத்து வைத்தேன். மேனேஜர் முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

"அவுகளும் இப்பிடித்தான் கைய விட்டுப் பாப்பாக" என்றார்கள் மதினி. "அன்னைக்கு அந்தக் கடைக்காரன் ஒருக்கப் பாத்திருந்தாம்னா..."

சொல்லிவிடலாம் என்று தலையைத் தூக்கினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முட்டுதா மதினி?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்கள். எழுந்து நாலு எட்டு நடந்து காட்டினார்கள். அந்தக் காகிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அண்ணாச்சி.