புறாவுக்கு வைத்த மருந்து

அனுப்புநர்
தையற்கடை நடத்துபவர்,
முதல் மாடி,
தானியக் கிடங்குக்கு நேர் எதிர்க் கட்டடம்.

பெறுநர்
சுகாதார அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தானியக் கிடங்கில் புறாக்களுக்கு விஷம் வைப்பதை நிறுத்தவும், விஷத்தை விஷம் என்றே எழுதவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கிடங்குச் சுவரில் ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்புகள் இரண்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட முகவரியில் நானும் என் அக்காவும் தையற்கடை நடத்தி வருகிறோம். வெட்டுவதும் தைப்பதும் நான். காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அக்கா. கடை ஜன்னலைத் திறந்தால் கிடங்கின் கூரைதான் தெரியும். ஆகவே இந்த மனுவில் கேள்விப்பட்ட செய்தி எதுவும் இல்லை. எல்லாம் கண்ணால் பார்த்தது.

1. தங்கள் முதல் அறிவிப்பில் இருந்த வாசகம் இது: ‘புறாக்களால் நோய் பரவுவதைத் தடுக்கும் பொருட்டு, வரும் வியாழனன்று கிடங்கு வளாகத்தில் புறாக்களுக்கு மருந்து வைக்கப்படும். பொதுமக்கள் ஒத்துழைக்கவும்.’

என் அக்கா முழு மனதுடன் ஒத்துழைத்தார், ஐயா.

புறாவுக்குக்கூட மருந்து கொடுக்கிறார்களே, நம் நகராட்சிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று தங்களை வாயார வாழ்த்தினார். வியாழன் காலை கிடங்கு முற்றத்தில் கூலியாள் ஒருவர் சிவப்புச் சாயம் ஏறிய கோதுமையை வெறுங்கையால் இறைத்துக்கொண்டிருந்தார். இருமல் மருந்தின் நிறம். அக்கா இறங்கிப் போய்க் கொஞ்சம் கேட்டார். அவரும், “எடுத்துக்குங்கம்மா, நிறைய இருக்கு” என்று அள்ளிக் கொடுத்தார். அவருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

“அவ்வளவு தூரம் பறக்க முடியாததும் இருக்கும்டி, நம்ம ஜன்னல்லயும் கொஞ்சம் வைப்போம்” என்றார் அக்கா. மண் கிண்ணத்தில் போட்டு வைத்தார். பக்கத்தில் தண்ணீரும் வைத்தார்.

2. எங்கள் ஜன்னலுக்குத் தினமும் ஒரு புறா வரும். ஒரு கால் சற்று இழுக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளிம்பில் இப்படியும் அப்படியும் நடக்கும். எந்த வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும். அதனால் அக்கா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கிண்ணத்தில் முதலில் வாய் வைத்தது மேனேஜர்தான். “சமத்தா சாப்பிடுது பாரு” என்று அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மதியத்துக்குள் அதன் கழுத்து திருகிக்கொண்டது. நின்ற இடத்திலேயே சுற்றியது. மருந்து வேலை செய்கிறது போலிருக்கிறது என்று அக்கா மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே முற்றத்தில் புறாக்கள் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. நான் துணி வெட்டும் மேசையின் மேல் அது செத்தது. எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. இதை மரியாதையாக எழுத வேறு வார்த்தை தெரியவில்லை.

3. தங்கள் அறிவிப்பில் புறா மட்டுமே உண்டு. முற்றத்தில் கிடந்த மைனாக்களும் சிட்டுக்குருவிகளும் அறிவிப்பைப் படிக்கவில்லை போலும். செத்த புறாவைத் தின்ற பூனை எங்கள் மாடிப்படியின் கீழ் விறைத்துக் கிடந்தது. கூட்டி அள்ள மறுநாள்தான் ஆள் வந்தார். நோய் பரவுவதைத் தடுக்க வந்தவர்கள், பிணங்களை ஒரு பகல் முழுக்க வெயிலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

4. இது குறித்துத் தங்கள் அலுவலகத்தில் நேரில் கேட்டேன். மேசையில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமல், “எலி மருந்து, பூச்சி மருந்துன்னு சொல்றதில்லையாம்மா? அந்த மாதிரிதான் இதுவும்” என்றார். எலி மருந்து வாங்கப் போகிறவர் எலிக்குக் காய்ச்சல் என்று போவதில்லை. அந்தப் பொட்டலத்தின் மேல் மண்டை ஓட்டுப் படமாவது இருக்கும். நோய் என்று ஆரம்பித்து மருந்து என்று முடித்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? கொல்லப் போகிறோம் என்று எழுதக் கூச்சமாக இருந்ததென்றால், கொல்லவும் கூசியிருக்க வேண்டும்.

5. புறா மூட்டையைக் கிழிக்கிறது, எச்சமிடுகிறது என்பது உண்மை. நான் மறுக்கவில்லை. காயப்போட்ட துணியில் எங்களுக்கும் அந்தத் தொல்லை உண்டு. ஆனால் கிடங்கின் கூரைத் தகடு ஒன்று போன புயலில் பெயர்ந்து போனது. அந்த ஓட்டையில் ஓர் ஆளே இறங்கலாம், புறா இறங்காதா? சிந்திய தானியத்தைக் கூட்டுவதும் இல்லை. பந்தியைப் பரப்பி வைத்துவிட்டு, சாப்பிட வந்தவரைக் கொல்வது எந்த ஊர் நியாயம்? ஒரு தகடு போடுங்கள். கிடங்கு ஜன்னல்களுக்கு வலை வாங்கிக் கொடுத்தால் ஓரம் மடித்து நானே தைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

6. இப்போது இரண்டாம் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. நாளை மறுபடியும் ‘மருந்து’.

அக்காவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. தினமும் மாத்திரை போட வேண்டியவர். அந்த வியாழனுக்குப் பிறகு, மருந்து சாப்பிடுங்கள் அக்கா என்று நான் சொன்னால் கையைத் தட்டிவிடுகிறார். “நானும் மருந்துன்னு சொல்லித்தானேடி குடுத்தேன்” என்கிறார். நேற்று ஊசியில் நூல் கோக்கும்போது தலை சுற்றிச் சரிந்தார். தாங்கிப் பிடித்தேன். அப்போதும் மாத்திரைக்கு வாயைத் திறக்க மறுத்துவிட்டார். எனக்கு இருப்பது ஒரே அக்கா, ஐயா.

ஆகவே நாளைய விஷத்தை நிறுத்தி உத்தரவிட வேண்டும். இதுவரை வைத்தது மருந்து அல்ல, விஷம். அதை அறியாமல் எடுத்து வைத்தவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அதே சுவரில், தங்கள் கையொப்பத்துடன் ஒட்ட வேண்டும். என் அக்காவைக் கைப்பிடித்து அழைத்துப் போய் அதைப் படிக்க வைப்பது என் பொறுப்பு.

தங்கள் பதிலுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும்,

(கையொப்பம்)
தையற்காரி

நாள்: வியாழனுக்கு முந்தைய புதன்
இடம்: கிடங்கின் எதிர்ப்புறம்

இணைப்பு: மண் கிண்ணத்தில் மிஞ்சிய கோதுமை, ஒரு பொட்டலம். மேலே ‘விஷம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் யாரும் தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது.