காலை ஆறு மணித் தண்ணீர்

மார்ச் 4

மதிப்புக்குரிய பொறியாளர் அவர்களுக்கு,

நேற்று மாலை ஆறு இருபதுக்கு நம் ஊர் நீர்மின் நிலையம் பதினைந்து கிலோவாட் கொடுக்க வேண்டிய இடத்தில் எட்டுதான் கொடுத்தது. ஆதாரம்: நிலையத்தின் பதிவேடு, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பழைய பஸ் டிரைவரின் வாய்மொழி, என் அறை பல்பு. மூன்றும் ஒத்துப்போகின்றன.

இயந்திரம் ஓடத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுதான் அதன் முதல் கோடை. அறுபத்துநாலு வீட்டுக்காரர்கள் தோளில் குழாய் சுமந்து மலையேற்றிக் கட்டியது என்பதால் யாரும் உரக்கக் குறை சொல்லவில்லை. மாவு மில் அம்மா மட்டும், "மிஷினுக்கும் வயசாயிடுச்சா, உங்கள மாதிரி முட்டி வலியா?" என்று கேட்டார். மில்லை நிறுத்திவிட்டோம். நர்ஸம்மாவின் மருந்துக் குளிர்பெட்டிக்கு முதல் இணைப்பு, மீதி வீடுகளுக்கு. அது ஒன்று அணையாமல் இருக்கிறது, இன்றைய தேதி வரை.

மார்ச் 30 அன்று சங்கக் கூட்டம். இந்த இயந்திரத்தையே வைத்துக்கொள்வதா, வெளியாட்களைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுவதா என்று பேசப்போகிறார்கள். தங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறார்கள்.

தாங்கள் நலமா? இங்கே மழை இல்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தண்ணீர் அளவு எழுதுபவன்

*

மார்ச் 11

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. "மதிப்புக்குரிய பொறியாளர் அவர்களுக்கு" என்று பார்த்ததும் ஆபீஸ் தபால் என்று மேஜை ஓரம் போட்டுவிட்டேன். கையெழுத்தைப் பார்த்துத்தான் திரும்ப எடுத்தேன். "தாங்கள்" என்று யாரை மாமா சொல்கிறீர்கள்? போன வருடம் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது எனக்கும் உங்கள் மகனுக்கும். உங்களுக்கும் எனக்கும் யார் வழக்குப் போட்டார்கள்?

இருந்தாலும் உங்கள் சங்கடம் புரிகிறது. அவருக்கு வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது. அங்கே இன்னொரு மருமகள் வருவாள். நல்லபடி வரட்டும்.

கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதி அனுப்பிய பதினான்கு மாத அளவுகளில் கோடையிலும் நொடிக்கு நாற்பது லிட்டருக்குக் கீழே தண்ணீர் இறங்கவில்லை. நாற்பது லிட்டர், அறுபது மீட்டர் உயரம் என்றால் பதினைந்து கிலோவாட் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் தப்பு என் வடிவமைப்பில்தான். குழாயோ சக்கரமோ நான் தேர்ந்தெடுத்ததில் எங்கோ கோளாறு. எங்கே என்று தெரியவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

சங்கத்துக்குத் தனியாக ஒரு கடிதம் இத்துடன் இருக்கிறது. தப்பு என்னுடையது, வேறு நல்ல பொறியாளரை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் நீங்களே வாசித்துவிடுங்கள். ஊரில் நீங்கள் வாசித்தால்தான் நம்புவார்கள்.

அதற்குப் பிறகு நான் எழுதுவதற்கு என்ன இருக்கும் மாமா? அந்த மிஷின் ஒன்றை வைத்துத்தான் இந்த ஒரு வருடமும் உங்களுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன். குழாய், வால்வு என்று எழுதிவிட்டுக் கடைசி வரியில் உங்கள் முட்டியை விசாரிப்பேன். இனி விசாரிக்கச் சாக்கு இல்லை. இதுவரை காட்டிய அன்புக்கு நன்றி.

உங்கள்,
நான்

*

மார்ச் 17

அம்மா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இப்படி ஆரம்பிக்கிறேன்.

உன் கணக்கு சரி. தப்பு என் நோட்டில். ஆதாரம்: நானே போய்ப் பார்த்தேன், 15ஆம் தேதி காலை பதினொன்றரைக்கு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார முடியவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு ஓடைக்கு ஏறினேன். உனக்குத் தெரியும், தினமும் காலை ஆறு மணிக்குப் போவேன், ஓடைக்குக் குறுக்கே நீ வைக்கச் சொன்ன பலகையில் தண்ணீர் எத்தனை விரற்கடை நிற்கிறது என்று பார்த்து எழுதுவேன், இறங்கிவிடுவேன். முட்டி ஒரு நாளைக்கு ஒரு ஏற்றத்துக்குத்தான் சம்மதிக்கும். வேறு நேரத்தில் அங்கே போனது இதுதான் முதல் தடவை.

பலகையில் பாதித் தண்ணீர்தான் ஓடியது. மேலே மூன்று வாய்க்கால் மடைகளும் திறந்து கிடந்தன. உருளைக்கிழங்கு வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாவு மில் அம்மா மண்வெட்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் திருடன் அகப்பட்ட மாதிரி திகைத்துப்போனார்.

"பேப்பர்காரரே, நீங்க எதுக்கு இந்நேரத்துல வந்தீங்க?"

"ஏம்மா, காலைல தண்ணி நிறைய இருந்துச்சே?"

"காலைல அடைச்சு வச்சிருப்போம்ல."

"எப்பலேருந்து?"

"நீங்க எழுத ஆரம்பிச்ச நாள்லேருந்து. விடியறதுக்கு முன்னாடி மூணு மடையும் அடைச்சிடுவோம். நீங்க கீழ இறங்கினதும் திறந்துக்குவோம். உங்க மருமக பார்க்கப்போற கணக்காச்சே. விருந்தாளி வந்தா வாசலைக் கூட்டி வைக்க மாட்டோமா? அந்த மாதிரிதான். ஓடையைக் கொஞ்சம் நல்லா காட்டணும்னு நெனச்சோம்."

"மிஷின் ஓட ஆரம்பிச்ச பிறகும் ஏம்மா அடைக்கிறீங்க?"

"நீங்க இன்னும் எழுதிக்கிட்டுத்தானே இருக்கீங்க!"

வெட்கம், கோபம், சிரிப்பு மூன்றும் சேர்ந்து வந்தன. கோபம் அவர் மேல் இல்லை. முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் இருந்தவன் நான். மந்திரி வருகிறார் என்றால் முந்தின நாள் ரோடு போடுவார்கள் என்று நானே எத்தனை செய்தி எழுதியிருப்பேன்! என் ஓடைக்கு ரோடு போட்டிருக்கிறார்கள், நான் அதன் மேலேயே நடந்துபோய், பளபளப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததை ஒரு இலக்கம் பிசகாமல் எழுதினேன். ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

உன் பெயரை அதற்கு அடமானம் வைக்க எனக்கு உரிமை இல்லை. சங்கத்துக்கு நீ எழுதிய கடிதத்தை உறை பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். 30ஆம் தேதி கூட்டத்தில் நான் பேசுவேன். மன்னித்துக்கொள்.

மாமா

*

மார்ச் 23

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். வாசல் கூட்டிய இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னங்க, லாட்டரியா?" என்றார். கண் கலங்கியதை அவருக்கு எப்படி விளக்குவது?

ஒரு ஊரே ஒரு வருடத்துக்கு மேல் விடியுமுன் எழுந்து மடை அடைத்திருக்கிறது, நான் பார்க்கப்போகும் கணக்கு அழகாக இருக்க வேண்டும் என்று. இதற்கு நான் யாரைத் திட்டுவது?

முழுத் தப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளக் கூடாது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது நான். கோடையில் ஒரு முறை நேரில் வந்திருந்தால் மடைகளைப் பார்த்திருப்பேன். வழக்கு நடந்த சமயம். உங்கள் தெருவில் உங்கள் மகனைப் பார்க்க நேருமோ என்று வரவில்லை. அளவு எழுத நீங்கள் இருந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது. கூட்டத்தில் இதையும் சொல்லிவிடுங்கள். பாதியாவது என் பங்கு.

இப்போது வேலை. மடைகளை நிரந்தரமாக அடைத்துவிடுகிறோம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வயல் காய்ந்து பல்பு எரிய வேண்டியதில்லை. குழாய் தொடங்கும் மேட்டில் ஒரு குளம் வெட்டுங்கள்: பதினாறு மீட்டர் நீளம், பதினொன்று அகலம், ஒன்றரை ஆழம். மதியம் நாலு மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தித் தண்ணீரைச் சேர்த்தால், மாலையில் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும். குளிர்பெட்டி மதியம் நாலு மணி நேரம் மூடியே இருந்தால் தாங்கும். நர்ஸம்மாவிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இது எட்டு கிலோவாட்டை வைத்து நான் போட்ட உத்தேசக் கணக்கு; வெட்டும்போதே உண்மையான அளவும் வேண்டும். காலை, மதியம், மாலை, மூன்று வேளையும். நீங்கள் ஏற வேண்டாம், டிரைவர் எழுதட்டும். எப்போது வருவார் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.

முட்டி எப்படி இருக்கிறது? இந்த முறை முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

உங்கள்,
நான்

*

ஏப்ரல் 12

அன்புள்ள மருமகளுக்கு,

நொடிக்கு இருபத்திரண்டு லிட்டர். இதுதான் ஓடையின் உண்மையான கோடை அளவு. ஆதாரம்: டிரைவரின் பன்னிரண்டு நாள் குறிப்பு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஐந்து தடவை நான் கூடப் போய்ச் சரிபார்த்தேன். ஏற வேண்டாம் என்று நீ எழுதியது தெரியும். முட்டி திட்டுகிறது, நீயும் திட்டு.

கூட்டத்தில் உன் பங்கையும் என் பங்கையும் சொன்னேன். பிறகு சைக்கிள் கடைக்காரர், அவர்தான் சங்கத் தலைவர், எழுந்தார். "அடைச்சது நாங்க. எழுதினது அவரு. நம்பினது அந்தப் பொண்ணு. மூணு பேரும் சேர்ந்துதான் குளம் வெட்டணும். பொண்ணு கணக்குப் போட்டுக் குடுத்துடுச்சு. பேப்பர்காரரால குனிய முடியாது. ஆக மண்வெட்டி நம்ம கையில." வெளியாள் பேச்சு அதோடு நின்றது.

வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறார்கள். மாவு மில் அம்மா வீட்டிலிருந்து மூன்று பேர். இன்று காலை வரை முக்கால்வாசி வெட்டியாகிவிட்டது. அளந்துதான் சொல்கிறேன். குளிர்பெட்டி நாலு மணி நேரம் தாங்குகிறது. நர்ஸம்மா இரண்டு நாள் வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டார்.

என் மகன் போனில் விசாரித்தான். நடந்ததைச் சொன்னேன். "அவ கணக்கு தப்பா இருக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா" என்றான். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றும் சொல்லவில்லை.

முதல் கடிதத்தில் உன்னை எப்படி அழைப்பது என்று அரை நாள் யோசித்துத்தான் அப்படி எழுதினேன். இன்று ஏன் மாற்றினேன் என்றால், ஊரில் உன்னை யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை. பதினான்கு மாதம் மடை அடைத்தவர்கள் என் மருமகளுக்காகத்தான் அடைத்தார்கள், பொறியாளருக்காக அல்ல. இத்தனை பேர் ஒன்றுபோலச் சொல்லும் செய்தியை மறுத்து எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. எனக்கு விருப்பமும் இல்லை. உனக்கு நான் பட்டிருக்கும் நன்றியைக் கடிதத்தில் எழுதினால் மிகைப்படுத்தியது போல இருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இன்னும் முடியாதவை: குளத்தின் அடிப்பூச்சு 20ஆம் தேதி காயும். 24ஆம் தேதி தண்ணீர் விட்டுப் பார்க்கிறோம். அதைப் பார்க்க நீ வருவாயா என்று ஊர் கேட்கிறது. பதில் 18க்குள் வந்தால் தேவலை, நீ தங்கப்போகும் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும். பஸ் பத்தரைக்கு வரும்.

ஒன்று மட்டும் எல்லோரிடமும் உறுதி வாங்கிவிட்டேன். நீ வரும் அன்று ஒரு மடையையும் அடைக்க மாட்டார்கள்.

மாமா