மடை இல்லாத வரப்பு

அன்புள்ள அப்பாவுக்கு பகலவன் வணக்கம். கத்தாரில் நான் நலம். நீங்கள் நலம் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

வயலுக்குப் போகும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு மூன்று இடத்தில் நின்றீர்களாம். தங்கச்சி பூவிழி கேட்டதற்கு, "மடை பாக்குறேன்மா" என்றீர்களாம். அந்த வரப்பில் ஏதுப்பா மடை?

"ஈசிஜி நல்லாருக்கு" என்று பைப் வேலை பார்க்கிற என்னிடம் சொல்லாதீர்கள். அதை உங்களைப் படுக்கவைத்து எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்கியிருந்தாலும், சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். நடந்தால் கூடுதலாக வேண்டும், வராது, வலிக்கும். வாயு என்கிறீர்களே, அது நீங்கள் நின்றதும் அடங்குமா?

நடவு முடியட்டும் என்று இழுக்காமல், நாளைக்கே தஞ்சாவூரில் இதய டாக்டரைப் பாருங்கள். ரிப்போர்ட்டை நீங்கள் படித்துச் சொல்ல வேண்டாம், பூவிழி படம் எடுத்து அனுப்பட்டும். கூடவே உங்கள் முகத்தையும் ஒன்று.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பகலவன்