அத்தி காய்த்த சேதி

பாலக்கரை, திருச்சி
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லிசிக்கு,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு வீரம்மாள் அக்கா எப்படியும் உனக்குச் சொல்லிவிடுவாள். அவள் வாயில் போய் வந்தால் மரம் இன்னும் உயரமாகிவிடும். சனிக்கிழமை காலை நம் கொல்லையில் இருக்கிற அத்திமரத்தில் ஏறினேன். ஏறிவிட்டேன், இறங்கத் தெரியவில்லை. லுங்கி ஒரு கிளையில், நான் ஒரு கிளையில். உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தது கர்த்தர் செய்த கிருபை.

பக்கத்து டெய்லர் கடை ஆசாத் பாய்தான் ஏணியோடு ஓடிவந்தார்.

"சார், கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாத்து மெதுவா எறங்குங்க."

"உங்க மூஞ்சியே கீழதானே பாய் இருக்கு!"

தெரு முழுக்கக் கூடிவிட்டது. இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள் என்று சந்தேகப்படுகிறேன். வேதத்தில் வருகிற சகேயுவும் குள்ளன், நானும் குள்ளன். அவனும் காட்டத்தியில்தான் ஏறினான். ஆனால் அவனை இறங்கி வரச் சொன்னவர் இயேசு. வீட்டுக்கு விருந்தாளியாகவும் வந்தார். ஆசாத் பாய் டீகூட வேண்டாம் என்று போய்விட்டார்.

எதற்கு ஏறினேன் என்று கேட்பாய். சேதியே அதுதான். அத்தி காய்த்திருக்கிறது! உச்சிக் கிளையில், என் கண்ணால் பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று என்ன சொன்னாய்? "அந்த அத்தி காய்க்கட்டும், அன்னிக்கு வரேன்" என்றாய். காய்த்துவிட்டது. வா.

நீ போனை எடுத்திருந்தால் இதையெல்லாம் வாயாலேயே சொல்லியிருப்பேன். காவிரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற மனுஷன் அந்தப் பக்கம் இருக்கிற பெண்டாட்டிக்கு ஸ்டாம்ப் ஒட்டுகிறேன். தபால்காரர் உறையின் விலாசத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நேரில் வரலாம் என்று நேற்றுக் கிளம்பினேன். ஆடிப்பெருக்குக் கூட்டம், பாலத்தில் பஸ் நகரவில்லை. அது பாதி உண்மை. மீதி உண்மை, உன் ஸ்கூல் தோழி சுபஸ்ரீ கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்ப்பாளே என்கிற பயம்.

இங்கே யாரும் சரியில்லை, லிசி. மளிகைக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை என்னைக் கண்டதும் கயிற்றைப் பார்க்கிறான். எல்லாம் அந்தப் பிரசங்கத்தால் வந்தது. ஊரே அதைத்தான் பேசுகிறது.

சுபஸ்ரீ வீட்டில் மீன் வாடைகூட இருக்காதே, எப்படி இருக்கிறாய்?

காய்த்த மரத்தடியிலிருந்து,
தேவஇரக்கம்


கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அடி ஒன்றும் இல்லையே? முழங்காலுக்குத் தைலம் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. அதற்கும் ஏற வேண்டாம், ஆசாத் பாயை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதைச் சுபாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஏண்டி, உங்காத்துக்காரர் மரத்துல ஏறினாரா? பெருமாளே! அவர் நாற்காலில ஏறி பல்பு மாட்டினாலே நீ கீழ நின்னு பிடிச்சிப்பியே" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நாம் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருஷம் வைத்த மரம். இத்தனை வருஷமாக ஒரு காய் இல்லை. நான் வந்த ஒரு மாதத்துக்குள் காய்க்கிறதா? அதுவும் உச்சிக் கிளையிலா? எத்தனை காய், எந்தப் பக்கம், பச்சையா பழமா, ஒன்றும் எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் லுங்கிக்குக் கொடுத்த இடம் காய்க்குக் கொடுக்கவில்லை.

ஊர் பேசுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. போதகர் ஜீயபுரம் கிளைச் சபைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பதிலாகப் பிரசங்கபீடத்தில் நின்றீர்கள். கனி தராத அத்திமரத்தைப் பற்றிப் பேசினீர்கள். பேசிக்கொண்டே வந்தவர் சொன்னீர்கள்: "எங்க வீட்டுலயும் ஒரு அத்தி இருக்கு. கல்யாணமான வருஷம் வந்தது. உரம் போட்டாச்சு, தண்ணி ஊத்தியாச்சு. எலைக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

பிள்ளை இல்லாத வீடு நம்முடையது. நான் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

காய் உண்மையானால் பறித்து அனுப்புங்கள். பார்க்கிறேன்.

லிசி


பாலக்கரை
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லிசிக்கு,

ஆசாத் பாய் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்க வருகிறார். அவரிடம் ஒரு டப்பாவில் நான்கு பழம் அனுப்பியிருக்கிறேன். பழுத்துவிட்டதால் கொஞ்சம் நசுங்கியிருக்கும். இதற்கு மேலும் சந்தேகப்பட்டால் நீ தோமாவின் வம்சம்.

அந்தப் பிரசங்கத்தைப் பற்றி நான் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். வேதத்தில் அத்தி வந்தால் அது இஸ்ரவேல் ஜனம். தேவன் கனியைத் தேடி வருகிறார், கிடைப்பது இலை. எத்தனையோ பெரிய போதகர்கள் சொன்ன அர்த்தம்தான். நான் வெறும் உதாரணத்துக்கு நம் வீட்டு மரத்தைச் சொன்னேன். மரத்தை! வேரும் கிளையும் உள்ள மரத்தை! கல்யாணமான வருஷம் வந்தது அதுதானே? நீயும் அதே வருஷம் வந்தாய் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

சபை முழுக்கச் சிரித்துவிட்டது, அதுதானே உன் கோபம்? அதைச் சரிசெய்யத்தான் நான் அலைந்துகொண்டிருக்கிறேன். சபைப் பொருளாளர் பிச்சமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, நான் சொன்னது மரத்தத்தான், லிசிய இல்ல" என்றேன். மனுஷன் பால் குடிக்காத பூனை மாதிரி, "என்ன தம்பி சொன்னீங்க? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றார். என்ன நடிப்பு! நான் முழுசாகச் சொல்லிக் காட்ட வேண்டியதாயிற்று. பெண்கள் சங்கச் செயலாளர் வீட்டிலும் இதே நாடகம். "அய்யய்யோ, அப்படியா சொன்னீங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கோயில்பிள்ளை ஒருபடி மேலே போய், "நீங்க அன்னைக்கிப் பேசுனீங்களா சார்?" என்று கேட்டான். எல்லோரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாடகர் குழுவில் ஒவ்வொரு வீடாகப் போய்விட்டேன். ஒருவர்கூடக் கேட்டதாக ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது என் தலையைக் கண்டாலே குசுகுசு என்கிறார்கள்.

அத்திமரத்தின் கீழ் இருக்கையிலேயே உன்னைக் கண்டேன் என்று ஆண்டவர் நாத்தான்வேலிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எந்த ஜன்னலிலிருந்தோ யாரோ பார்க்கிறார்கள். வீரம்மாள் அக்காவாகத்தான் இருக்கும்.

பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வா.

தேவஇரக்கம்


ஸ்ரீரங்கம்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உங்களுக்கு,

பழத்தைச் சாப்பிட்டோம். வாடியிருந்தாலும் நன்றாக இருந்தது. காந்தி மார்க்கெட்டில் நல்ல கடையாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பியது சீமை அத்தி. நம் கொல்லையில் நிற்பது நாட்டு அத்தி. அது காய்த்தால் அடிமரத்திலும் தடித்த கிளையிலும் கொத்துக்கொத்தாகக் காய்க்கும், உச்சிக் கிளையில் ஒன்று ஒன்றாகத் தொங்காது. சுபா மாமியாத்துத் தோட்டத்தில் நாட்டு அத்தி இருந்ததாம், பழத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிட்டாள். வேதத்தில் வருகிற அத்தி ஒரு ஜாதி, நம்முடையது ஒரு ஜாதி. பிரசங்கம் செய்கிற ஆளுக்கு அது தெரியவில்லை.

இரண்டு பழத்தின் காம்பில் பச்சை நூல் சுற்றியிருந்தது. ஆசாத் பாயிடம், "பாய், இது உங்க கடை நூல்தானே?" என்றேன். "மேடம், நான் டப்பாவத்தான் கொண்டாந்தேன், உள்ள என்ன இருக்குன்னு பாக்கல" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆக நீங்கள் மரத்தில் ஏறியது பழம் பார்க்க இல்லை, கட்ட.

யாருக்குக் காட்டுவதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். நான் வாசலில் வந்து நின்றால் கையைப் பிடித்து இழுத்துப் போய், அண்ணாந்து பார் என்று காட்டுவீர்கள். நானும் சிரித்துவிடுவேன். அதோடு முடிந்தது என்று நினைத்தீர்கள். இருபத்தாறு வருஷமாக எல்லாவற்றையும் நாம் அப்படித்தான் முடித்திருக்கிறோம்.

ஆதாமும் ஏவாளும் அத்தியிலையைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். நீங்கள் சிரிப்பைக் கட்டிக்கொள்கிறீர்கள். டாக்டர் கையை விரித்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரரிடம் ஏதோ ஜோக் சொன்னீர்கள். நான் ஆட்டோவில் உங்கள் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருந்தது. அது நம் இரண்டு பேருக்குள் இருந்தது. இப்போது அதைப் பிரசங்கபீடத்துக்குக் கொண்டுபோனீர்கள்.

வேதத்தை நானும் வாசித்தேன். மாற்கு சுவிசேஷத்தில் ஆண்டவர் பசியோடு அத்தியிடம் போகிறார், இலைதான் இருக்கிறது. அது அத்திப்பழக் காலம் இல்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அந்த மரத்தின் மேல் தப்பு இல்லை. லூக்காவில் திராட்சத் தோட்டத்துக்குள் நிற்கிற அத்தியை எஜமான் வெட்டிப்போடு என்கிறான். தோட்டக்காரன் என்ன செய்கிறான்? இந்த வருஷமும் இருக்கட்டும், நான் கொத்தி எருப் போடுகிறேன் என்று மரத்துக்காகப் பேசுகிறான். உங்கள் அம்மா இருந்த காலத்திலிருந்து எனக்காக அப்படிப் பேசியவர் நீங்கள் ஒருத்தர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் யாருக்காகப் பேசினீர்கள்?

பழம் இனி அனுப்ப வேண்டாம். விலை அதிகம்.

லிசி


பாலக்கரை
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

லிசிக்கு,

கட்டியதுதான். ஆறு பழம் கட்டினேன். இரண்டை அணில் கொண்டுபோய்விட்டது. நீ காம்பைப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை. பார்க்காதவளாக இருந்தால் என்னோடு இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்க முடியாது.

விளக்கம் இனிமேல் இல்லை. நான் சொன்னது மரத்தை இல்லை. வாயைத் திறக்கும்போது மரம்தான் இருந்தது. "எங்க வீட்டுலயும் ஒரு அத்தி இருக்கு" என்றவுடன் சிரிப்பு வந்தது. என் பிரசங்கத்துக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததே இல்லை லிசி, ஆண்கள் பக்கம் முழுக்க. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்தாய். பார்த்த பிறகும் அடுத்த வரியைச் சொன்னேன், அதற்கடுத்ததையும் சொன்னேன். அந்தச் சிரிப்பை விட மனசில்லை. அவ்வளவுதான் காரணம், இதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

நீ வராமலே போய்விடுவாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. இதை வேடிக்கையாக எழுத முயன்றேன், வரவில்லை.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னதை எல்லோருக்கும் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். போதகரிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக் முன்னால் நின்று, நான் சொன்னதை ஒரு வரி விடாமல் சொல்லி, உன்னிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். போதகர், "எதப் பத்திங்க?" என்று கேட்டார். அவருமா இப்படி நடிக்க வேண்டும்?

நீ வந்தாலும் வராவிட்டாலும் நிற்பேன்.

தேவஇரக்கம்


ஸ்ரீரங்கம்
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை சுபாவிடம் வாசித்துக் காட்டவில்லை.

சனிக்கிழமை காலை வருகிறேன். பஸ்ஸில் வருவேன், நீங்கள் பாலம்வரை வந்து நிற்க வேண்டாம். வஞ்சிரம் கிடைத்தால் வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் மத்தி. பொரிக்க வேண்டாம், நான் வந்து செய்கிறேன். மரத்தில் மிச்சம் இருக்கிற நூலை ஆசாத் பாயை விட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மைக் முன்னால் நிற்கக் கூடாது. இதற்காகவே இந்தக் கடிதத்தை இன்றைக்கே போடுகிறேன். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டீர்கள். அது போதும்.

முன்பே சொல்லியிருக்கலாம், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அப்ப யாருக்குமே கேக்கலயே, எதுக்குக் கோவம்?" என்று ஒரே வரியில் தப்பித்திருப்பீர்கள். அன்றைக்குப் பிரசங்கத்தில் நீங்கள் அந்தத் திராட்சத் தோட்டத்துக்குள் நுழையும்போதே மைக் போய்விட்டது. மேலே மின்விசிறிச் சத்தம். பின்னால் இருந்தவர்களுக்கு உங்கள் கை ஆடுவது மட்டும்தான் தெரிந்திருக்கும். முதல் பெஞ்சில் நானும் வீரம்மாள் அக்காவும் இருந்தோம், ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சு காலி. அவளுக்குக் காது மந்தம். கேட்டது எனக்கு மட்டும்தான். பிச்சமுத்து அண்ணனும் கோயில்பிள்ளையும் போதகரும் நடிக்கவில்லை. நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரியும்.

வாசிக்கிற கண்ணாடி போட்டிருந்தீர்கள். அதில் உங்களுக்கு முதல் பெஞ்சுக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆண்கள் பக்கம் சிரித்தது, பிச்சமுத்து அண்ணன் வழுக்கையில் பல்லி விழுந்ததற்கு.

லிசி