அடைத்த கடப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் உடுக்கிற சாரன்கள் வருகிற பொதிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால், நீங்கள் கொழும்பில் நேற்று நடந்த களவைச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

நீங்கள் சொன்னபடி பின்வேலிக் கடப்பைத் தகரத்தால் அடைத்துவிட்டேன். தெருவில் இறங்காமல் நாங்கள் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவது அந்த வழியால்தான். கொழும்புக்குப் போய் அதை மறந்துவிட்டீர்கள்.

அடுத்த வீட்டு பஹீமா மாமி தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன புள்ள, கள்ளனுக்கு அடைச்சயா, எங்களுக்கு அடைச்சயா?" என்று கேட்டா.

"அவர்தான் சொன்னாரு மாமி" என்றேன்.

அதன் பிறகு அவ கூப்பிடவில்லை. கடப்பால் கொடுத்து வாங்க ஆளில்லாமல், இந்த நோன்பில் அரைச் சுண்டு அரிசியில் கஞ்சி காய்ச்சினாலும் மிஞ்சுகிறது.

வீட்டில் ஒன்றும் களவு போகவில்லை. நான் சுகம்.

நேற்று, நீங்கள் பின்வாசலில் பூட்டிவிட்ட கமெராவைப் போனில் பார்த்துவிட்டு, "நாலு நாளா ஒரு ஆளும் வரல்ல, இப்பதான் நிம்மதி" என்றீர்கள். நானும் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் மச்சான். ஒருவரும் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கமெராவில் தெரிகிறவள்