பெரிய மீனோடு ஒரு படம்

ஞாயிறு, செப்டெம்பர் 2009

"இவர் என் அப்பா" என்று இன்று நான் சொல்லவில்லை.

கோடை முழுக்கச் சின்ன மீன்களே மாட்டிக்கொண்டிருக்க, இன்றுதான் முதல் தடவையாகப் பெரிய கார்ப் மீன் ஒன்று என் தூண்டிலில் மாட்டியது. பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் வலையோடு ஓடி வந்து கரையேற்ற உதவினார். நானும் அப்பாவும் போயிருந்த அந்தக் குளத்தில் பிடிக்கிற மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதை அப்பாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் ஷொப்பிங் பையை விரித்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, தலையில சொதி வைப்பம்! மிச்சம் குழம்பு!"

வெள்ளைக்காரரின் முகம் மாறியது. "உனக்குத் தெரிந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மீனின் வாயிலிருந்த கொக்கியைப் பார்த்தபடி இல்லையென்று தலையாட்டினேன்.

அப்பா பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். புல்லில் கிடந்த என் கமராவை எடுத்தார்.

"போட்டோ, மிஸ்?"

வேலையிடத்தில் வாடிக்கையாளரோடு பேசுகிற குரல் அது. படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மீனை விட்டேன். பஸ் தரிப்பு வரை அப்பா எனக்குப் பின்னால் தள்ளியே நடந்து வந்தார். பஸ்ஸில் ஏறியதும் பக்கத்தில் வந்து இருந்து, தூண்டில் பையை என் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.