அம்மை இல்லையென்று சொன்ன வீடு

பம்பாய்,
மார்ச் 1971

அப்பச்சிக்கு வணக்கம். நான் சுகம். தங்கை சாலாவுக்கு அம்மை போட்டிருப்பது ஆத்தா எழுதித்தான் தெரிந்தது.

அம்மை எவ்வளவு வேகமாகப் பரவுகிறதென்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் இங்கே என் வேலை. நம் காரைக்குடிப் பக்கம் பரவவே இல்லை என்று போன வாரம் கணக்கு வந்தது. அதை நம்பி, அம்மை குத்துகிறவர்களை வேறு ஜில்லாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விசாரிக்க வந்த சுகாதார ஆபீசரிடம், "மாரியாத்தா வீட்டுக்கு வந்திருக்கா, அதைப் போயி நோயிங்கிறீகளே!" என்று சொல்லி விரட்டினீர்களாமே? நீங்கள் மறைத்தால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இப்போது எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொப்புளமாம். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. தாராளமாகச் சாமி கும்பிடுங்கள். ஆனால் இன்றைக்கே அந்த ஆபீசரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. சாலாவுக்குக் கண் தெரிகிறதா? அதை மட்டுமாவது மறைக்காமல் தந்தி கொடுங்கள்.

உங்கள் மகன்,
சாத்தப்பன்